எஞ்சினில் ஒரு பிழையும் இல்லை

யூலை 8
பிரஷர் 168/104

டாக்குத்தர் சொல்லித்தான் எழுதுகிறேன். காலையில் கருவியைக் கையில் கட்டிப் பார், வந்த இலக்கத்தை எழுது, அன்றைக்கு எதற்குக் கோபம் வந்தது என்றும் இரண்டு வரி எழுது என்றார். "ரெண்டு வரி காணுமோ ஐயா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. வங்கியில் தந்த டயரி ஒன்று சும்மா கிடந்தது. முதல் ஆறு மாதத் தாள்களும் வெறுமையாக இருக்கின்றன. அந்த ஆறு மாதமும் எனக்குக் கோபம் வரவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

இன்றைய கோபம்: மிதுலா.

அக்காவின் மகள். போன கிழமை கனடாவிலிருந்து வந்தாள். பழைய கார்களுக்குப் புது எஞ்சின் மாற்றிக் கொடுக்கும் கராஜ் ஒன்றில் அங்கே வேலை. பயணக் களை போகமுதலே என் கராஜுக்குப் பின்னால் உள்ள கொட்டிலுக்குள் போய், தறப்பாளை இழுத்து எறிந்துவிட்டு, அத்தானின் செலிக்காவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எழுபத்திரண்டாம் ஆண்டுக் கார். இரண்டு கதவு, நீண்ட மூக்கு. கோப்பாயில் அந்தக் காலத்தில் அப்படி ஒன்று வேறு யாரிடமும் இருக்கவில்லை. முப்பத்தொரு வருடமாக அது ஓடவில்லை.

"மாமா, இந்த எஞ்சினைக் கழட்டுறம். ஜப்பான் எஞ்சின் ஒண்டு, புது மொடல், கொழும்பிலை வாங்கிப் போட்டன். செப்ரெம்பர் பதினாலுக்கு இதை நான் பெரியாஸ்பத்திரி வரைக்கும் ஓடோணும்."

செப்ரெம்பர் பதினாலு அவளுடைய பிறந்தநாள். அக்கா செத்ததும் அன்றைக்குத்தான்.

"இந்த எஞ்சினிலை என்ன பிழை கண்டனீ?" என்று கேட்டேன்.

"என்ன பிழையோ? இது அண்டைக்கு ஸ்டார்ட் ஆகாததாலைதானே எனக்கு அம்மா இல்லை."

இது அத்தான் சொல்லிக்கொடுத்த பாடம். முப்பத்தொரு வருடமாக அந்த மனிசன் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் ஸ்பனரை மேசையில் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். போட்டேன் என்று எழுதுகிறேன். எறிந்தேன் என்பதுதான் சரி.

யூலை 11
170/102

காரைப் பிரிக்கத் தொடங்கினோம். தரைத் தகட்டை இரண்டு பக்கமும் கறள் தின்றிருக்கிறது. பற்றரித் தட்டு இருந்த இடத்தில் குனிந்து பார்த்தால் நிலம் தெரிகிறது. மிதுலா ஒவ்வொரு நட்டையும் சின்னப் பொலித்தீன் பையில் போட்டு, எந்த இடம் என்று எழுதி ஒட்டுகிறாள், படமும் எடுக்கிறாள்.

"உதெல்லாம் தேவையில்லை. எது எங்கை எண்டு எனக்குத் தெரியும்" என்றேன்.

"ஆயிரம் நட்டையும் ஞாபகம் வைப்பியளோ மாமா?"

வைப்பேன். நான் கை வைத்த வண்டி ஒன்றையும் மறந்ததில்லை. தொண்ணூற்றேழில் ஒரு தபாற்காரரின் மோட்டார் சைக்கிளுக்கு எந்தப் பக்கத்துத் திருகாணி தேய்ந்திருந்தது என்று கேட்டால் இப்போதும் சொல்லுவேன். அவளுக்கு அதைச் சொன்னேன். அவள் தபாற்காரரின் பெயரைக் கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் பொலித்தீன் பையில் எழுதுவதை நிறுத்தவில்லை. அதுதான் கோபம்.

யூலை 16
174/106

புது எஞ்சின் லொறியில் வந்தது. இரண்டு லிட்டர். மேலே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி. எஞ்சின் என்றால் அதன் முகம் தெரிய வேண்டும். இது முகத்தை மூடிக்கொண்டு வந்திருக்கிறது. கூடவே என் தொடை அளவு தடிப்பில் ஒரு வயர்க் கட்டும் ஒரு கம்பியூட்டர் பெட்டியும்.

பழைய எஞ்சினைச் சங்கிலியில் தூக்கி வெளியே எடுத்தோம். அவள் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக் கனடாவில் இருக்கும் தகப்பனுக்கு அனுப்பினாள். உடனே அத்தானின் குரல் வந்தது, கராஜ் முழுக்கக் கேட்கும்படி.

"குகன், அந்தச் சனியனை இண்டைக்கே இரும்புக்குக் குடுத்துவிடு. என்ரை கண்ணிலை படக் கூடாது."

குடுக்கவில்லை. மூலையில் மரக்கட்டை இரண்டு வைத்து அதன்மேல் இறக்கினேன். சாக்குப் போட்டு மூடினேன்.

புது எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கவில்லை. அதன் எண்ணெய்த் தொட்டி முன் குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறது. நாலு அங்குலம் பின்னுக்குத் தள்ள வேண்டும், பின்னுக்குத் தள்ளினால் கியர்பொக்ஸ் காரின் தரைத் தகட்டு நடுக் கூனில் இடிக்கிறது. தகட்டை வெட்ட வேண்டும். காரையே வெட்டி எஞ்சினுக்கு ஏற்றபடி தைக்க வேண்டும் என்றால், பிறகு அது யாருடைய கார்? கேட்டேன். "என்ரை கார் மாமா" என்றாள்.

யூலை 23

காலையில் பிரஷர் பார்க்க மறந்துவிட்டேன்.

மிதுலா பின்பெட்டியைத் துப்புரவாக்கும்போது பக்கத் தகட்டுக்குப் பின்னால் இருந்து ஒரு போத்தலை எடுத்தாள். பழைய மருந்துப் போத்தல், இறப்பர் மூடி. அடியில் இரண்டு விரல் அளவுக்கு ஏதோ கிடந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஆட்டினாள்.

"இது என்ன மாமா?"

"குப்பை. கொண்டா."

வாங்கிக் கிணற்றடிக் குப்பைக்குள் எறிந்துவிட்டேன்.

இன்றைக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

யூலை 24
179/110

கரண்ட் இல்லை. வெல்டிங் இல்லை. வேலை இல்லை.

ஓகஸ்ட் 3
166/100

குறுக்குச் சட்டத்தை வெட்டி, கீழே தாழ்த்தி ஒட்டினேன். மூன்று நாள் வேலை. ஒட்டு ஒன்றும் தவறவில்லை. எஞ்சின் சரியாகப் பொருந்தி இருந்தது. அவள் கீழே படுத்து லைற் அடித்துப் பார்த்துவிட்டு, "சோக்கான வேலை மாமா" என்றாள். எனக்குத் தெரியாதா சோக்கான வேலை என்று?

அவளைப் பற்றியும் உள்ளதை எழுதத்தான் வேண்டும். அந்த வயர்க் கட்டை நிலத்தில் விரித்து, தேவையில்லாத வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பாதியாக்கிவிட்டாள். இருநூறு வயருக்கு மேல் இருக்கும். நான் ஒரு பக்கம் தொடங்கி மூன்றாவது வயரிலேயே எழும்பிவிட்டேன். அவள் எழும்பவில்லை. அக்காவும் அப்படித்தான். கோலம் போட இருந்தால் வெயில் சுட்டாலும் எழும்ப மாட்டாள்.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டாள்: "அம்மாவை இந்தக் காரின்ரை எந்தச் சீற்றிலை ஏத்தினவை?"

"பின் சீற்றிலை."

"ரெண்டு கதவுக் காரிலை, அந்த வலியோடை, முன் சீற்றை மடிச்சுப்போட்டு உள்ளுக்கு ஏறினவவோ?"

"ஓம்."

"பேந்து திருப்பி இறக்கினவை."

"ஓம்."

அவள் சுவரோரம் கழற்றி வைத்திருந்த பின் சீற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டது என்று மனிசி பவளத்தைக் கூப்பிட்டு ஏசினேன். எனக்குச் சீனியே போடுவதில்லை என்று பவளம் சொன்னாள்.

ஓகஸ்ட் 10
171/104

அத்தான் மறுபடியும் தொலைபேசியில். சனியன், சவம், கொலைகார எஞ்சின். மிதுலா கேட்டுக்கொண்டே வேலை செய்கிறாள். ஓர் இரும்பை இப்படித் திட்டலாமா? வாய் இல்லாதது என்றால் எதையும் சொல்லலாமா? ஜப்பான்காரன் நூலளவு பிசகாமல் செய்து அனுப்பினான். சண்டைக் காலத்தில் இங்கே பெற்றோலுக்குத் தடை வந்ததும் நாங்கள் அதற்கு மண்ணெண்ணெய் ஊற்றினோம். அதையும் குடித்துவிட்டு ஓடியது. புகைத்துப் புகைத்து, இருமி இருமி, ஆனால் ஓடியது. கறுப்புச் சந்தையில் வாங்கின பெற்றோல் ஒரு மருந்துப் போத்தலில் இருக்கும். அதில் கொஞ்சத்தைக் கார்புரேற்றரின் வாயில் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் போதும். ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

பவளத்துக்கு இதையெல்லாம் கத்திச் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்த எஞ்சினுக்காக ஏன் இப்பிடி வழக்காடுறியள்? கலியாணம் முடிச்ச நாள் துவக்கம் பாக்கிறன், வருசா வருசம் செப்ரெம்பரிலை அதின்ரை பிளக்கைக் கழட்டி ஒவ்வொரு கரண்டி எண்ணெய் விடுறியள், ஸ்பனரைப் போட்டுச் சுத்துறியள். உங்கடை தலைக்கு ஒருநாள் எண்ணெய் வைச்சிருக்கிறியளே?"

எஞ்சின் இறுகாமல் இருக்க எந்த மெக்கானிக்கும் செய்கிற வேலை அது. செப்ரெம்பர் என்பது மழைக்கு முந்திய மாதம், வேறு ஒன்றுமில்லை. அதையும் கத்திச் சொன்னேன்.

முடிவு செய்துவிட்டேன். அந்த எஞ்சினை இவர்கள் எல்லோருக்கும் முன்னால் ஸ்டார்ட் பண்ணிக் காட்டப் போகிறேன். தகப்பனும் மகளும் வாயை மூடட்டும்.

ஓகஸ்ட் 19
165/98

மிதுலா றேடியேற்றர் வாங்க வவுனியா போன நேரம் பழைய எஞ்சினின் தலையைக் கழற்றினேன். மண்ணெண்ணெய்க் கரி ஒரு நகத்தளவு தடிப்பில். சுரண்டினேன். உள்ளே உருளைச் சுவர் கண்ணாடியாக மினுங்கியது. ஒரு கீறல் இல்லை. எனக்குக் கண் கலங்கியது. கரித் தூசிதான்.

கார்புரேற்றரைப் பிரித்துக் கழுவினேன். வால்வுகளை அரைத்து இருத்தினேன். பொறி விடும் பொயின்றைத் தீட்டினேன். எந்த இடைவெளி எவ்வளவு என்று புத்தகம் பார்க்கவில்லை.

ஓகஸ்ட் 27
163/98

புது எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. அவள் சாவியைத் திருப்புகிறாள், டக் என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. சாவியைக் கம்பியூட்டர் அறியவில்லையாம். சொந்தக்காரியையே தெரியாத எஞ்சின். எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது. இதை எழுத வெட்கமில்லை.

பின்னேரம் அவள் மடிகணினியைக் காரோடு இணைத்து ஏதோ எழுதினாள். முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆனது. சத்தமே இல்லை. பொனற்றில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாள், தேத்தண்ணி ஆடவில்லை.

செப்ரெம்பர் 1
காலை 160/96. பின்னேரம் 188/114.

இன்றைக்கு மூன்று மணிக்கு எல்லோரையும் கூப்பிட்டேன். எல்லோரும் என்றால் பவளமும் மிதுலாவும். பழைய எஞ்சினை மரக்கட்டையில் இறுக்கிக் கட்டியிருந்தேன். பற்றரி கொடுத்து, பெற்றோல் டப்பாவைக் கூரைச் சலாகையில் கட்டித் தொங்கவிட்டு, சூடேறாமல் இருக்கக் குழாயில் கிணற்றுத் தண்ணீர் விட்டேன்.

"அப்பாவுக்குப் படம் பிடி" என்றேன்.

முதல் அடி, இருமல். இரண்டாவது, வெள்ளைப் புகை. மூன்றாவது அடிக்குப் பிடித்தது. கொட்டில் அதிர்ந்தது. பவளம் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது.

"கேள்! நல்லாக் கேள்! முப்பத்தொரு வருசம் சும்மா கிடந்த எஞ்சின், மூண்டாவது அடி! இதுவோ சனியன்? இதுவோ கொலைகாரன்? இதிலை ஒரு பிழையும் இல்லை! அண்டைக்கும் இருக்கேல்லை, இண்டைக்கும் இல்லை! உன்ரை அப்பாவுக்கு அனுப்பு!"

மிதுலா படம் பிடிப்பதை நிறுத்தினாள். கிட்ட வந்து, எஞ்சினின் தலையில் கையை வைத்தாள். சூடு பொறுக்கும்வரை எடுக்கவில்லை. பிறகு அவளே வயரைக் கழற்றி நிறுத்தினாள்.

"நல்ல எஞ்சின்தான் மாமா."

"பின்னை?"

"அப்ப அண்டைக்கு ஏன் ஸ்டார்ட் ஆகேல்லை?"

மண்ணெண்ணெயில் ஓடின வண்டி, அப்படித்தான் என்றேன். ஸ்டார்ட் பண்ணப் பெற்றோல் வைத்திருந்ததாக அப்பா சொன்னாரே என்றாள். அது பழசாகி வலு இழந்திருக்கும் என்றேன். வாங்கி ஒரு மாதம்தானாம் என்றாள். பற்றரி என்றேன். பற்றரி முப்பத்தைந்து நிமிசம் சுற்றினது என்றாள்.

"மாமா, நான் பின்பெட்டியிலை எடுத்தது அந்தப் போத்தல்தானே?"

கிணற்றுத் தண்ணீர் வீணாக ஓடுகிறது, குழாயைப் பூட்டத் தெரியாதா, கனடாவில் இப்படித்தான் தண்ணீரைக் கொட்டுவீர்களா என்று கேட்டேன். இன்னும் நிறையக் கேட்டேன். இந்த வீட்டில் நான் சொல்லக் கூடாத சொற்களும் வந்தன. அவள் குழாயைப் பூட்டிவிட்டுப் போய்விட்டாள்.

செப்ரெம்பர் 2
184/110

அவள் அந்தப் படத்தைத் தகப்பனுக்கு அனுப்பவில்லை.

செப்ரெம்பர் 6
180/110

கதைக்கிறாள். "மாமா, பதினாலாம் நம்பர் ஸ்பனர்." "மாமா, உதைப் பிடியுங்கோ." வேலைக்குத் தேவையான அளவு மட்டும். போத்தலைப் பற்றி மீண்டும் கேட்கவில்லை. கேட்டால் ஏசலாம். கேட்காமல் இருப்பவளை என்ன செய்வது?

பவளம் கேட்கிறாள்: "பிள்ளையோடை என்ன கோவம்?" பவளத்துடனும் கோபம்.

செப்ரெம்பர் 11
181/112

யூலை 23 அன்று எழுதியது பொய். போத்தலை எறியவில்லை. கராஜ் மேசையின் கீழ் லாச்சியில், பழைய பிளக்குகளுக்குப் பின்னால் இருக்கிறது.

டாக்குத்தர் கோபத்தின் காரணத்தை எழுதச் சொன்னார். எழுதுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அக்காவோடும் அத்தானோடும் இருந்தேன். அத்தான் எங்கோ அலைந்து ஒரு போத்தல் பெற்றோல் வாங்கி வந்து பின்பெட்டியில் வைத்தார். "குகன், இதிலை ஆரும் கை வைக்கக் கூடாது. இது அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறதுக்கு" என்றார். காரைப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. சாவியும் என்னிடம்தான்.

கரண்ட் இல்லாத காலம். பெடியன்கள் சேர்ந்து ரீவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்துப் படம் பார்ப்போம். ஜெனரேற்றருக்கும் மண்ணெண்ணெய்தான், ஆனால் ஸ்டார்ட் பண்ணப் பெற்றோல் வேண்டும். அன்றைக்கு யாரிடமும் சொட்டு இல்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கார் வைத்திருக்கிற வீட்டுக்காரன் அல்லவா நான். பிள்ளைக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது, அதற்குள் எங்கேயாவது வாங்கி நிரப்பிவிடலாம் என்று நினைத்தேன். அரைப் போத்தலுக்கு மேல் ஊற்றிக் கொடுத்தேன். அந்த ஜெனரேற்றர் பழுதானது, நின்று நின்று போகும், ஒவ்வொரு தடவையும் மறுபடி ஊற்றினார்கள்.

வெறுமையாக வைத்தால் அத்தான் கண்டுபிடித்துவிடுவார். அதனால் மண்ணெண்ணெய் விட்டு முந்திய மட்டத்துக்கு நிரப்பினேன். இறப்பர் மூடியை அமத்தி மூடினேன். மட்டம் சரியாக இருந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் அக்காவுக்குப் பிரசவக் குத்து வந்துவிட்டது.

அத்தான்தான் ஊற்றினார், அத்தான்தான் ஸ்டார்ட் அடித்தார். நான் பக்கத்தில் நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் உடனே ட்ராக்டருக்கு ஆள் போயிருக்கும். நான் சொல்லவில்லை. இன்னொரு தடவை அடித்தால் பிடித்துவிடும், பிடித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியவராது என்று நின்றேன். பிறகு தள்ளினோம். நானும் தள்ளினேன். எல்லோரையும்விட உசாராகத் தள்ளினேன். அக்கா பின் சீற்றில் இருந்து, "குகன், கெதியாடா" என்றாள்.

ட்ராக்டர்ப் பெட்டியில்தான் கொண்டுபோனோம். பிள்ளை தப்பியது. இரத்தம் நிற்கவில்லை. அரை மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே என்று அங்கே கேட்டார்கள். அத்தான் வீட்டுக்கு வந்து காரின் பொனற்றைக் காலால் உதைத்தார். "இந்தச் சனியன் எஞ்சின்" என்றார். நான் பேசாமல் நின்றேன்.

அன்றைக்குத் தொடங்கி எஞ்சின்தான் குற்றவாளி.

செப்ரெம்பர் 14
பார்க்கவில்லை.

விடிய எட்டு மணிக்குக் காரை வெளியே எடுத்தாள். அடர்ந்த பச்சை வர்ணம், அக்கா கலியாணத்துக்கு உடுத்த கூறையின் கரை நிறம் என்று பழைய பட அல்பத்தைப் பார்த்துக் கலந்தாளாம். பவளம் ரயருக்கு அடியில் தேசிக்காய் வைத்தாள், கற்பூரம் காட்டினாள், அழுதாள்.

"மாமா, முன்னுக்கு ஏறுங்கோ."

போத்தல் என் காற்சட்டைப் பையில் இருந்தது.

நல்லாகத்தான் ஓடியது. எழுதத்தான் வேண்டும், நல்லாகத்தான் ஓடியது. அவள் முப்பது, நாற்பதிலேயே மெதுவாகப் போனாள். இருபாலைச் சந்தி வரும்போது, "இதிலைதான் ட்ராக்டரின்ரை கொழுக்கி கழண்டதெண்டு அப்பா சொல்லுறவர்" என்றாள். "நிப்பாட்டு பிள்ளை" என்றேன்.

வேப்பமரத்தின் கீழ் ஓரமாக நிறுத்தினாள். போத்தலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மூன்று நாளுக்கு முன் எழுதியதைச் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை. மட்டம் சரியாக இருந்தது என்பதையும் சொன்னேன்.

அவள் இறப்பர் மூடியைக் கழற்றி மணந்து பார்த்தாள். மூடினாள். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதன் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

"இறங்குங்கோ."

"பிள்ளை..."

"மாமா, இறங்குங்கோ."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது பழக்கம். இறங்கினேன். கதவை மெதுவாகச் சாத்தினேன். கார் போனது.

வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கல்வியங்காடு, நல்லூர் என்று அதே வழியில் நடந்தேன். பெரியாஸ்பத்திரிக்கு வர ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. கார் எதிர்ப்பக்கம் நின்றது. அவள் ஸ்ரேரிங்கைப் பிடித்தபடி உள்ளே இருந்தாள். ஆட்கள் காரைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். நான் கிட்டப் போகவில்லை. பஸ் பிடித்து வந்தேன்.

செப்ரெம்பர் 15
126/82

கருவி பழுதாகிவிட்டது என்று பவளத்தின் கையில் கட்டிப் பார்த்தேன். பவளத்துக்கு எப்போதும் உள்ளதுதான் காட்டியது. கருவியில் பிழை இல்லை. மறுபடி என் கையில் கட்டினேன். 124/80.

ஆறு வருடமாக இப்படி ஓர் இலக்கம் எனக்கு வந்ததில்லை. டாக்குத்தர் சந்தோசப்படுவார். அந்தப் பிள்ளை நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, அறைக் கதவைத் திறக்கவில்லை, எனக்குப் பிரஷர் இறங்கியிருக்கிறது. பாரத்தை அவளின் தலையில் இறக்கிவிட்டு நான் நல்லாக நித்திரை கொண்டிருக்கிறேன். இன்றைய கோபம் இதுதான். இத்தனை நாள் எழுதினதுக்கு இந்த ஒன்றுதான் நியாயமான கோபம்.

செப்ரெம்பர் 18
பார்க்க மனமில்லை.

காலை ஏழரைக்கு மிதுலா கராஜுக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பழைய எஞ்சினின் மேல் இருந்த சாக்கை எடுத்தாள். துணியில் எண்ணெய் தொட்டு அதைத் துடைத்தாள், வெகுநேரம்.

"இதை நான் கனடாவுக்குக் கொண்டுபோறன். பெட்டி அடிச்சுத் தாங்கோ" என்றாள்.

"சரி பிள்ளை."

"அப்பாவுக்கு நான் சொல்ல மாட்டன். நீங்கள்தான் சொல்லோணும்."

கைத்தொலைபேசியைச் செலிக்காவின் பொனற்றில் நிறுத்திவைத்துத் தகப்பனுக்கு வீடியோவில் எடுத்தாள். கனடாவில் பொழுது பட்டுப் பத்தரை. அத்தான் வந்தார். தலைமயிர் முழுக்க வெள்ளை. காரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"குகன், நான் சொன்னனெல்லோ? அந்தச் சனியனைத் தூக்கி எறிஞ்சால் எல்லாம் சரிவரும் எண்டு! இரும்புக்குக் குடுத்திட்டியே?"

"அத்தான், எஞ்சினிலை ஒரு பிழையும் இல்லை."

பிறகு சொன்னேன். இரண்டாம் முறை சொல்லுவது இலகு என்று நினைத்திருந்தேன். இல்லை. மிதுலா எஞ்சினுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அத்தான் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன், அறவில்லை, அவர் கண் இமைத்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தஞ்சு நிமிசம் ஸ்டார்ட் அடிச்சனான்" என்றார். "மணிக்கூட்டைப் பாத்துப் பாத்து அடிச்சனான். உடனை ட்ராக்டருக்குப் போயிருந்தால் அவள் இருப்பாளெண்டு... ஒவ்வொரு நாளும்... நான்தான் விசரன்போலை அதையே அடிச்சுக்கொண்டு நிண்டனான் எண்டு..."

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசட்டும் என்று ஆசையாகவும் இருந்தது. அவர் ஏசவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சேட்டு நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன படமடா அது?"

எனக்கு விளங்கவில்லை.

"அந்தப் பெற்றோலிலை பாத்தனீங்களெல்லோ. என்ன படம்?"

வாயைத் திறந்தேன். ஜெனரேற்றரின் நிறம் சிவப்பு. அதை இழுக்கும் கயிற்றில் இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தது. ரீவிக்கு மேலே ஒரு துவாய் போட்டிருந்தது. யார் யார் எந்த வரிசையில் இருந்தார்கள் என்பதும் தெரிகிறது. மிதுலா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஞாபகமில்லை அத்தான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தொலைபேசியை வைத்துவிட்டார்.

இப்போது மாலை ஐந்து மணி. பெட்டிக்குப் பலகை அறுத்து முடித்துவிட்டேன். மிதுலா எஞ்சினின் வாய்களுக்கு ஒவ்வொன்றாகத் துணி அடைக்கிறாள். பலகை அறுக்கும்போதும் யோசித்தேன், இதை எழுதும்போதும் யோசிக்கிறேன். அந்தப் படத்தின் பெயர் வரவில்லை.